பெரும்பான்மை இருந்தும் பத்தாண்டு: அமெரிக்காவின் கர்ப்பிணித் தொழிலாளர் நியாயச் சட்டம் உருவான விதம்

அமெரிக்க காங்கிரஸில் ஒரு மசோதா. இரண்டு கட்சிகளிலும் அதற்கு ஆள் உண்டு. தொழிலாளர் அமைப்புகள் கேட்கின்றன. முதலாளிகளின் பெரிய சங்கமும் ஒரு கட்டத்தில் சரி என்கிறது. அரசு கஜானாவிலிருந்து பெரிய தொகை எதுவும் போகப்போவதில்லை. அப்படியும் அது சட்டமாவதற்கு 10 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நியூயார்க் உறுப்பினர் ஜெரால்ட் நாட்லர் 2012 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் முன்மொழிந்த, வேலையிடத்தில் கர்ப்பிணிகளுக்கு நியாயமான வசதி தரச் சொல்லும் கர்ப்பிணித் தொழிலாளர் நியாயச் சட்டம், 2022 டிசம்பர் 29 அன்றுதான் அதிபரின் கையெழுத்தைப் பெற்றது.

அந்தப் பத்தாண்டுகளில் என்ன நடந்தது என்பதையும், அதே காலத்தில் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்த ஓர் ஓட்டுநரின் வழக்கையும் இந்த ஆய்வு சேர்த்துப் பார்க்கிறது. தொழிலாளர்களின் பெயரும் அவர்கள் வேலை பார்த்த நிறுவனங்களின் பெயரும் இங்கே இல்லை. சட்டமியற்றியவர்கள் செய்ததெல்லாம் பொதுப்பதிவில் இருப்பது, அதனால் அவர்களைப் பெயரோடு குறிப்பிடுகிறேன்.

பின்னணி: 1978 சட்டமும் அதன் ஓட்டையும்

1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நோய், விபத்து காரணமாக வேலைக்கு வர முடியாதவர்களுக்கு ஒரு நிறுவனம் காப்பீட்டுத் தொகை தருகிறது, கர்ப்பத்துக்கு மட்டும் தராமல் விடுகிறது என்றால் அது பாலினப் பாகுபாடு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். காங்கிரஸ் இதை ஏற்கவில்லை. இரண்டே ஆண்டில், 1978-இல், கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதும் பாலினப் பாகுபாடுதான் என்று சட்டம் இயற்றியது.

அந்தச் சட்டத்தின் இரண்டாவது பகுதியில்தான் சிக்கல். வேலை செய்யும் திறனிலோ இயலாமையிலோ ஒத்த நிலையில் இருக்கும் மற்றவர்களை எப்படி நடத்துகிறீர்களோ, கர்ப்பிணியையும் அப்படியே நடத்துங்கள் என்று அது சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவோ நாற்காலியில் உட்காரவோ கேட்கும் ஒரு கடை ஊழியர், தன்னைப் போலவே இயலாமையில் இருந்தும் சலுகை பெற்ற இன்னொருவரைக் காட்ட வேண்டியிருந்தது. சக ஊழியரின் மருத்துவச் சான்றும் சலுகைக் கோப்பும் அவர் கைக்கு எப்படி வரும்? அந்தக் கடையில் இதுவரை யாருக்குமே சலுகை தந்ததில்லை என்றால் ஒப்பிடவே ஆள் கிடையாது.

மற்ற சட்டங்களும் கைகொடுக்கவில்லை. 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி இயல்பான கர்ப்பம் ஒரு ஊனம் அல்ல. 1993-இன் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது, ஆனால் சம்பளம் இல்லை. 50 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு அது பொருந்தவும் பொருந்தாது. வேலையை விடாமல், சிறிய மாற்றத்தோடு தொடர விரும்பியவருக்கு நேரடியாக உதவும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை.

2006: ஓட்டுநருக்கு நேர்ந்தது

மேரிலாந்தில் ஒரு பெரிய பார்சல் நிறுவனத்தில் அவர் பகுதிநேர ஓட்டுநர். முந்தைய இரவு விமானத்தில் வந்திறங்கிய பார்சல்களை எடுத்துப் போய் விநியோகிப்பது வேலை. சில முறை கரு கலைந்த பிறகு 2006-இல் மறுபடி கருவுற்றார். முதல் 20 வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் தூக்க வேண்டாம், அதற்கப்புறம் 10 பவுண்டுக்கு மேல் வேண்டாம் என்றார் மருத்துவர். கிலோவில் சொன்னால் முதலில் 9, பிறகு நாலரை.

நிறுவனத்தின் விதி வேறு. ஓட்டுநர் என்றால் 70 பவுண்டு வரை தனியாகத் தூக்க வேண்டும். துணையோடு 150 பவுண்டு வரை. 70 பவுண்டு என்பது கிட்டத்தட்ட 32 கிலோ, நம் ஊர்க் கடையில் வாங்கும் 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம். கனமான பெட்டி வந்தால் சக ஊழியர்கள் கைகொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நிறுவனம் ஏற்கவில்லை. எடை வரம்பு இருக்கும்வரை வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டது. கர்ப்பகாலத்தின் பெரும்பகுதியைச் சம்பளம் இல்லாமல் வீட்டில் கழித்தார். கடைசியில் வேலையோடு ஒட்டியிருந்த மருத்துவக் காப்பீடும் போயிற்று.

இந்தக் கடைசி வரியை நின்று கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வேலை வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை வழியாகத்தான் வருகிறது. கர்ப்பிணி ஒருவரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினால், பரிசோதனையும் பிரசவமும் நெருங்கும் நேரத்தில் அவர் காப்பீட்டையும் இழக்கலாம். தொழிலாளர் பாதுகாப்பு என்றும் சுகாதாரம் என்றும் தனித்தனித் துறையாகப் பேசப்படுவது இங்கே ஒரே பிரச்சினையாகிவிடுகிறது.

அதே நிறுவனம் மூன்று வகையினருக்கு மாற்று வேலை கொடுத்துவந்தது: பணியில் காயமடைந்தவர்கள், போக்குவரத்துத் துறையின் ஓட்டுநர் தகுதியை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வருபவர்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பறிகொடுத்தவருக்கு இருந்த வழி, உரிமம் கையில் வைத்திருந்த கர்ப்பிணிக்கு இல்லை. 2008-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2011-இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 2013-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். கர்ப்பிணி என்பதற்காக அவரை ஒதுக்கவில்லை, கர்ப்பத்தைக் கணக்கிலேயே எடுக்காத ஒரு பொதுவிதி அவருக்கும் பொருந்தியது, அவ்வளவுதான் என்பது கீழ்நீதிமன்றங்களின் பார்வை.

2012: முதல் முடிவு

அந்த ஆண்டு ஜனவரியில், கர்ப்பிணிகள் வேலையிலிருந்து தள்ளப்படுவது பற்றி ஒரு வழக்கறிஞர் நாளிதழில் எழுதிய கட்டுரை பேச்சை உண்டாக்கியது. மே மாதம் நாட்லர் மசோதாவைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு செனட்டில் பென்சில்வேனியாவின் பாப் கேசி இணை மசோதாவை முன்மொழிந்தார்.

வரைந்தவர்கள் எடுத்த முக்கியமான முடிவு, 1978 சட்டத்தின் ஒப்பீட்டைத் திருத்த முயலாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளி ஒரு வசதி கேட்டால் முதலாளி நியாயமான வசதியைத் தர வேண்டும். தந்தால் தொழிலுக்குத் தாங்க முடியாத சிரமம் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. பக்கத்து இருக்கைக்காரருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கே இடமில்லை. இதில் இன்னொரு வசதி: 20 ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களும் நிறுவனங்களின் மனிதவளத் துறைகளும் இந்தச் சொற்களோடு பழகியிருந்தன. புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வரைவு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிரதிநிதிகள் சபை அப்போது குடியரசுக் கட்சியின் கையில். எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரும் என்பதைப் பெரும்பான்மைத் தலைமைதான் முடிவுசெய்யும். காங்கிரஸின் இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் முடிந்ததும் மசோதா காலாவதி. 2013, 2015, 2017 என்று நாட்லர் மறுபடி மறுபடி முன்மொழிந்தார். ஒவ்வொரு முறையும் அப்படியே காலாவதியானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சடங்காகத் தெரியும். அந்த இடைவெளியில் மாநிலங்கள் நகர்ந்தன. நியூயார்க் நகரம் 2013-இல் தனக்கென ஒரு சட்டம் போட்டது. தென் கரோலைனா, கென்டக்கி போன்ற குடியரசுக் கட்சி மாநிலங்களும் பின்னால் வந்தன. தொழில்கள் மூழ்கிவிடவில்லை. பிற்பாடு வாஷிங்டனில் பேசும்போது இது பெரிய பலமாக இருந்தது.

2015: ஜெயித்த வழக்கு, மாறாத நிலைமை

2015 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஓட்டுநருக்குச் சாதகமாக, வழக்கை மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. மற்ற பலருக்கு மாற்று வேலை தந்துவிட்டு, கர்ப்பிணிகளுக்குத் தர மறுப்பது அவர்கள் மேல் பெரும் சுமையாகிறதா, அதற்கு நிறுவனம் சொல்லும் காரணம் போதுமானதா என்று பார்க்கச் சொன்னது. செலவாகும், வசதிப்படாது என்பது மட்டும் பொதுவாகப் போதிய காரணம் ஆகாது என்றும் சொன்னது. நிறுவனம் தீர்ப்புக்கு முன்பே தன் விதியை மாற்றி, 2015 ஜனவரி முதல் கர்ப்பிணிகளுக்கும் இலகு வேலை தரத் தொடங்கியிருந்தது. வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது.

பலரும் இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். தீரவில்லை. ஒப்பீடு என்ற சுவர் அப்படியே நின்றது. தீர்ப்பு அதில் ஒரு கதவு வைத்தது, அவ்வளவே. தீர்ப்புக்குப் பிந்தைய வழக்குகளை ஆராய்ந்த ஒரு சட்ட உதவி அமைப்பு, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவற்றில் கர்ப்பிணிகள் தோற்றிருப்பதாக 2019-இல் காட்டியது. பெரிய வழக்கு ஒன்றில் ஜெயித்ததைவிட, அதற்குப் பிறகு சிறிய வழக்குகளில் வரிசையாகத் தோற்றதுதான் மசோதாவுக்கு உதவியது என்பது என் கணிப்பு. சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்று சொன்னவர்களிடம் காட்ட அந்தப் பட்டியல் பயன்பட்டது.

2018-இல் டென்னசியின் மெம்பிஸ் நகரக் கிடங்கு ஒன்றைப் பற்றிப் பத்திரிகைச் செய்தி வந்தது. மருத்துவர் கடிதத்தோடு இலகு வேலை கேட்ட பெண்களுக்கு அது கிடைக்கவில்லை; கனமான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தவர்களில் சிலருக்குக் கரு கலைந்தது. 2019 அக்டோபரில் சபைத் துணைக்குழுவின் முன் அலபாமாவைச் சேர்ந்த அவசர மருத்துவ ஊழியர் ஒருவர் சாட்சி சொன்னார். நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தூக்கும் வேலை. 50 பவுண்டு வரம்பு எழுதிய மருத்துவக் கடிதத்தைக் கொடுத்து ஆம்புலன்ஸுக்கு வெளியே ஏதாவது வேலை கேட்டார். கிடைத்தது சம்பளமில்லா விடுப்பு.

2019–2022: பேச்சுவார்த்தை, தேக்கம், கடைசி வாரம்

2019-இல் சபை ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. இனி வாக்கெடுப்புக்கு எடுத்துவிடலாம். எடுக்கவும் முடியும். அதற்கு முன் இரண்டாவது முக்கியமான முடிவை எடுத்தார்கள்: முதலாளிகளின் பெரிய சங்கமான அமெரிக்க வணிக சபையோடு உட்கார்ந்து வாசகத்தைத் திருத்துவது. எந்த வசதி பொருந்தும் என்பதை இரு தரப்பும் பேசித் தீர்மானிக்கும் நடைமுறை, யார் தகுதியுள்ள ஊழியர் என்ற வரையறை போன்றவை தெளிவாயின. 2020-இன் தொடக்கத்தில் வணிக சபை ஆதரவு தெரிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று சபையில் 329-க்கு 73 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 100-க்கு மேற்பட்டோர் குடியரசுக் கட்சியினர். செனட் அதைத் தொடவே இல்லை. மசோதா மறுபடி காலாவதி.

2021 மே 14 அன்று புதிய சபை 315-க்கு 101 என்று மறுபடி நிறைவேற்றியது. ஆகஸ்ட்டில் செனட் குழுவில் 19-க்கு 2. லூசியானாவின் பில் கேசிடி, குடியரசுக் கட்சியிலிருந்து முக்கிய ஆதரவாளர். இவ்வளவு இருந்தும் அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் அசைவே இல்லை. செனட்டில் ஒரு மசோதாவைத் தனியாக எடுத்தால், விவாதத்தை முடிக்க 60 வாக்கும் பல நாள் அவை நேரமும் வேண்டும். நியமனங்களும் நிதி மசோதாக்களும் வரிசையில் நிற்கையில், எதிர்ப்பு குறைவாக இருக்கும் மசோதாவுக்கு அவசரம் இல்லை என்று யாருக்கும் தோன்றிவிடும்.

2022 டிசம்பர் 8 அன்று ஒருமனதான சம்மதத்தின் பேரில் நிறைவேற்ற முயன்றார்கள். இந்த வழியில் ஒரே ஒரு உறுப்பினர் எதிர்த்தாலும் முடிந்தது. வட கரோலைனாவின் தாம் டில்லிஸ் எதிர்த்தார். இந்தச் சட்டத்தை வைத்துக் கருக்கலைப்புக்கு விடுப்பு தரும்படி முதலாளிகளைக் கட்டாயப்படுத்தலாம் என்பது அவர் வாதம். அப்படி ஒரு விதியைக் கொண்டுவர, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் மத்திய அமைப்பான சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு இந்த மசோதா இடம் தராது என்று பாப் கேசி அவையிலேயே பதில் சொன்னார். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மூன்றாவது முடிவு. அரசு மூடப்படாமல் இருக்கக் கட்டாயம் நிறைவேற வேண்டிய மொத்த நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் இதைத் திருத்தமாகச் சேர்த்தார்கள். டிசம்பர் 22 அன்று செனட் 73-க்கு 24 என ஏற்றது. தாய்ப்பால் பிழிந்தெடுக்க வேலையிடத்தில் நேரமும் இடமும் தரும் இன்னொரு சட்டமும் அன்றே 92-க்கு 5 என்று அதே நிதி மசோதாவில் ஏறியது. நாட்லர் வட்டாரத்துக்கு இந்த வழி புதிதல்ல. உலக வர்த்தக மையத்தின் இடிபாட்டுத் தூசியில் வேலை செய்து நோயுற்றவர்களுக்கான மருத்துவத் திட்டத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் திட்டம் 2015-இல் 2090 வரை நீட்டிக்கப்பட்டதும் டிசம்பர் மாத நிதி மசோதா ஒன்றின் உள்ளேதான்.

பிறகு நடந்தது

சட்டம் 2023 ஜூன் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 15 பேர் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் பொருந்தும். வேறு வசதி செய்ய முடியும்போது விடுப்பில் போகும்படி வற்புறுத்துவது இப்போது சட்டவிரோதம். ஓட்டுநருக்கு நேர்ந்ததற்கு நேரடியான பதில் இந்த ஒரு வரிதான். வேலையின் முக்கியமான ஒரு பகுதியைத் தற்காலிகமாகச் செய்ய முடியாவிட்டாலும் ஒருவர் தகுதியுள்ள ஊழியராகவே இருக்கலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைவிட இது ஒரு படி மேல்.

சம வேலைவாய்ப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் விதிமுறையை வெளியிட்டது. தண்ணீர் அருகில் வைத்துக்கொள்வது, கூடுதலாகக் கழிப்பறைக்குப் போவது, தேவைக்கேற்ப உட்காருவது அல்லது நிற்பது, சாப்பிடவும் குடிக்கவும் இடைவேளை எடுப்பது ஆகிய நான்கையும் கிட்டத்தட்ட எப்போதும் தந்தே ஆக வேண்டும் என்றது. இதற்கெல்லாம் மருத்துவர் கடிதம் கேட்கக் கூடாது. பத்தாண்டுப் போராட்டத்தில் பலர் கேட்டது இவ்வளவுதான்.

அதே விதிமுறை, கர்ப்பம் தொடர்பான மருத்துவ நிலைகள் என்பதில் கருக்கலைப்பையும் சேர்த்தது. 1978 சட்டத்திலும் இதே சொற்றொடர்தான், அங்கே நீதிமன்றங்கள் அப்படித்தான் பொருள் கொண்டிருக்கின்றன என்பது ஆணையத்தின் வாதம். வரைவு விதிக்கு வந்த சுமார் 1 லட்சம் கருத்துரைகளில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே. லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களும் கத்தோலிக்க அமைப்புகளும் வழக்குப் போட்டன. 2025 மே மாதம் லூசியானாவின் மத்திய நீதிபதி அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தார். கேசி அவையில் சொன்ன பதில் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாயிற்று.

டெக்சாஸில் வேறு ஒரு தலைவலி. நிதி மசோதா மீது சபை வாக்களித்தபோது உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவானோரே நேரில் இருந்தார்கள், மற்றவர்கள் பெருந்தொற்றுக்கால விதிப்படி பதிலி மூலம் வாக்களித்தார்கள், ஆகவே நிறைவேற்றியதே செல்லாது என்று மாநில அரசு வாதாடியது. 2024 பிப்ரவரியில் ஒரு நீதிபதி இதை ஏற்று, மாநில அரசு ஊழியர்கள் விஷயத்தில் சட்டத்தை நிறுத்திவைத்தார். 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது.

இந்தச் சட்டத்தின் கீழ் ஆணையம் தொடுத்த முதல் வழக்குகளில் ஒன்று 2024 செப்டம்பரில் கென்டக்கியில் ஒரு டிரெய்லர் தயாரிப்பாளர் மீது. வயிற்றின் மேல் படுத்துச் செய்ய வேண்டிய வேலையிலிருந்து மாற்றச் சொன்ன கர்ப்பிணிக்கு மாற்றம் மறுக்கப்பட்டது என்பது புகார்.

மாற்றியிருக்க வேண்டியவை

வணிக சபையோடு பேச்சு 2019-இல்தான் பலன் தந்தது. 2013-இலேயே பேசியிருந்தாலும் அன்றைய சபைத் தலைமை வாக்கெடுப்புக்கு விட்டிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் திருத்திய வாசகம் கையில் தயாராக இருந்திருந்தால், 2019-இன் முதல் மாதங்களிலேயே சபையில் நிறைவேற்றிவிட்டு, 2020-ஐ முழுக்க செனட்டுக்குச் செலவிட்டிருக்கலாம். 2021 குழு வாக்கெடுப்புக்குப் பிறகும் இதே கேள்வி எழுகிறது. 19-க்கு 2 என்று வந்த மசோதாவை 2022 மார்ச்சில் போன நிதி மசோதாவிலேயே ஏற்ற முயன்றிருக்க வேண்டும்.

கருக்கலைப்பு விஷயத்தில் வாசகத்தை மங்கலாக விட்டதால் 73 வாக்குகள் கிடைத்தன என்பதை மறுக்க முடியாது. தெளிவாக எழுதியிருந்தால், எந்தப் பக்கம் எழுதினாலும் கூட்டணி உடைந்திருக்கும். ஆகவே அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அவையில் கொடுத்த உறுதிமொழியும் பிறகு ஆணையம் எழுதிய விதியும் இரண்டு திசையில் போனதற்கு ஒரு விலை இருந்தது: தண்ணீர் பாட்டிலும் நாற்காலியும் பற்றிய, யாரும் எதிர்க்காத பகுதி பொதுப்பேச்சில் காணாமலே போயிற்று. சட்டம் வந்திருப்பதே தெரியாமல் இருந்த கிடங்கு ஊழியருக்கு அதனால்தான் நஷ்டம்.

15 பேர் என்ற வரம்பையும் பார்க்க வேண்டும். சிறிய உணவகம், அழகு நிலையம், வீட்டு வேலை எல்லாம் வெளியே. சில மாநிலச் சட்டங்கள் இதைவிடச் சிறிய நிறுவனங்களையும் பிடிக்கின்றன. மத்தியச் சட்டம் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் பழைய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டது.

நான் முதலில் திருத்தச் சொல்வது கால அவகாசத்தை. முதலாளி மறுத்தால் தொழிலாளி ஆணையத்தில் புகார் தர வேண்டும். ஆணையத்துக்குப் பொதுவாக 180 நாள் விட்ட பிறகுதான் அவரே நீதிமன்றம் போக முடியும். கர்ப்பம் 280 நாள். கருவுற்றது தெரிந்து, வயிறு தெரிந்து, மருத்துவர் கடிதம் வாங்கி, மேலாளரிடம் கேட்டு, மறுப்பு வருவதற்குள் பாதி நாள் கழிந்திருக்கும். தேவையற்ற தாமதமே மீறலாகலாம் என்று ஆணையத்தின் விதிமுறை சொல்கிறது, சரி. எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சட்டத்திலும் இல்லை, விதியிலும் இல்லை. அடுத்த திருத்தத்தில் அந்த எண்ணை எழுதிவிட வேண்டும்; ஒரு வாரம் என்றால்கூட எந்த நிறுவனத்துக்கும் அது பெரிய சுமையில்லை.